மய்யித் ஊருக்கு வர வேண்டுமா? முடிவெடுக்க வேண்டிய நேரம் எது?

ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் ரியாதிலிருந்தோ துபையிலிருந்தோ ஓர் அழைப்பு வருகிறது. பேசுபவர் அறைத் தோழர். செய்தியைச் சொல்லிவிட்டு அவரும் அழுகிறார். சில மணி நேரத்தில் அதே எண்ணிலிருந்து இரண்டாவது அழைப்பு: "மய்யித்தை ஊருக்கு அனுப்புறதா, இங்கேயே அடக்குறதா? வீட்டுல கேட்டுச் சொல்லுங்க."

அந்த வீட்டில் அப்போது பதில் சொல்லும் நிலையில் யாரும் இருப்பதில்லை. மனைவி மயங்கிக் கிடக்கிறார். தாய்க்கு இன்னும் செய்தியே சொல்லப்படவில்லை. கடைசியில் முடிவெடுப்பது யார்? சில நேரம் சத்தமாகப் பேசும் உறவினர், சில நேரம் கம்பெனியின் அலுவலர், இன்னும் சில நேரம் பணம் பார்க்கும் ஏஜென்ட். நம் சமுதாயத்தில் வளைகுடா வாழ்க்கை தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் இந்த ஒரு கேள்விக்கு நாம் இன்னும் தயாராகவில்லை.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றி எரிந்தது. இரண்டே நாளில் இந்திய விமானப்படை விமானம் 45 உடல்களுடன் கொச்சியில் இறங்கியது. அவர்களில் 7 பேர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். நாடே பார்த்துக் கொண்டிருந்ததால் அரசு இயந்திரம் வேகமாக ஓடியது. அறையில் தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விடும் தனி மனிதருக்கு விமானப்படை வராது. அவருக்காக யாராவது அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியாக வேண்டும்.

காகிதங்களின் பயணம்

முதலில் மருத்துவமனையின் இறப்பு அறிக்கையும் அந்நாட்டு அரசின் இறப்புச் சான்றும் வேண்டும். விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் காவல்துறை விசாரணை முடிந்து உடலை விடுவிக்க வேண்டும். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். அடுத்து வாரிசுகளின் சம்மதக் கடிதம். அதை வைத்து இந்தியத் தூதரகம் இறப்பைப் பதிவு செய்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, தடையில்லாச் சான்று தருகிறது. பிறகு எம்பாமிங், பெட்டி, சரக்கு விமானப் பதிவு. இந்தியாவில் இறங்கும் விமான நிலையத்தின் சுகாதார அதிகாரி அனுமதி தர வேண்டும். அதை இணையத்திலேயே பெறுவதற்கு 2023 ஆகஸ்டில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் 'இ-கேர்' என்ற தளத்தைத் தொடங்கியது.

ஒரு காலத்தில் மய்யித்தைப் பெட்டியோடு சரக்கு போல எடை போட்டுத்தான் கட்டணம் வாங்கினார்கள். பலரும் குரல் கொடுத்த பிறகு, 2019 ஜனவரியில் ஏர் இந்தியா நிறுவனம் அமீரகத்திலிருந்து பெரியவர்களுக்கு 1500 திர்ஹம் என ஒரே கட்டணம் நிர்ணயித்தது. தட்டிக் கேட்டால் மாறும் என்பதற்கு இது சான்று.

செலவு யாருடையது?

"நாங்கள் காசு திரட்டி அனுப்புகிறோம்" என்று அறைத் தோழர்கள் முன்வருவது நல்ல மனசு. ஆனால் முதல் பொறுப்பு அவர்களுடையது அல்ல. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவு, தொழிலாளியின் உடலைத் தயார் செய்து அவர் அழைத்து வரப்பட்ட இடத்துக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது என்கிறது. குடும்பத்தின் சம்மதத்தோடு அங்கேயே அடக்கம் செய்தாலோ, சமூகக் காப்பீட்டு அமைப்பு அச்செலவை ஏற்றாலோ மட்டுமே அவருக்கு விலக்கு. அமீரகச் சட்டமும் இப்பொறுப்பை முதலாளியிடமே வைக்கிறது.

சிக்கல், கஃபீலை விட்டு வெளியே வந்து 'ஹுரூப்' ஆனவர்களுக்கும் விசா முடிந்தவர்களுக்கும்தான். இவர்களுக்கு முதலாளி என்று சொல்ல யாருமில்லை. இப்படிப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குக் கைகொடுக்க, தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி 2009 முதல் இருக்கிறது. கேட்டு விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் உதவுகிறது. இவை தெரியாததால்தான் ஏஜென்ட்கள் கேட்ட தொகையை நம் குடும்பங்கள் கொடுக்கின்றன.

அங்கேயே அடக்கினால் என்ன?

ஜனாஸாவை விரைவுபடுத்துங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. உஹதில் ஷஹீதானவர்களை மதீனாவுக்குக் கொண்டு செல்ல முற்பட்டபோது, விழுந்த இடத்திலேயே அடக்கச் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஹஜ்ஜுக்குச் சென்று மவ்த்தாகிறவர்களை நாம் மக்காவிலும் மதீனாவிலும்தானே விட்டு வருகிறோம்? 2025 நவம்பரில் மதீனா அருகே பேருந்து விபத்தில் இறந்த இந்திய உம்ரா பயணிகள் ஜன்னத்துல் பகீஃயில் அடக்கப்பட்டார்கள். அதை நற்பேறு என்கிறோம். வேலைக்குப் போன இடத்தில் இறந்தவரை அங்கே அடக்கினால் மட்டும் "அனாதையாக விட்டுவிட்டார்கள்" என்று ஊர் பேசுகிறது. இந்தப் பேச்சு நிற்க வேண்டும். அங்கும் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜமாஅத்தாகத் தொழுகை நடத்தித்தான் அடக்குகிறார்கள். வாரக்கணக்கில் பிணவறையில் காத்திருப்பதைவிட இதுவே மய்யித்துக்குச் செய்யும் கண்ணியம் என்பது நம் கருத்து.

ஆனால் இதை ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சட்டமாகச் சொல்லிவிட முடியாது. ஐந்து வருடமாகப் பார்க்காத பிள்ளையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க நினைப்பது குற்றமல்ல. உடல் விரைவாக வர வழியிருந்து, குடும்பம் விரும்பினால், அவர்களைக் குத்திப் பேச நமக்கு உரிமை இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. "மார்க்கப்படி இங்கேயே அடக்கிவிடலாம், கையெழுத்துப் போடுங்கள்" என்று கம்பெனி அனுப்பும் தாளை வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். அடக்கச் சம்மதம் வேறு. சம்பள பாக்கி, பணிக்கொடை, விபத்து இழப்பீடு வேறு. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற ஒரு வரி அதில் ஒளிந்திருக்கலாம். மய்யித்தின் கடனை அடைக்கவும் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் அந்தப் பணம் தேவை. அது வாரிசுகளின் ஹக்.

உயிரோடு இருக்கும்போதே

ஆக, முடிவெடுக்க வேண்டிய நேரம் இரண்டாவது அழைப்பு வரும் நேரம் அல்ல. பயணம் புறப்படும் நேரம். பெட்டி கட்டும்போதே ஒரு தாளில் வஸிய்யத் எழுதி மனைவியிடமோ தந்தையிடமோ கொடுங்கள்: எனக்கு மவ்த் வந்தால் எங்கே அடக்க வேண்டும், அங்கே பொறுப்பாக இருப்பவர் யார், நான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன், எனக்கு யார் தர வேண்டும். கூடவே பாஸ்போர்ட், இகாமா, வேலை ஒப்பந்த நகல்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் செல்பவர்களுக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு, விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய் தருகிறது. அந்தப் பாலிசித் தாள் வீட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

மஹல்லா ஜமாஅத்துகளும் இதில் இறங்க வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் வளைகுடாவில் ஒரு சங்கமாவது இருக்கிறது. பள்ளிவாசல் அலுவலகத்தில் தூதரக நடைமுறை தெரிந்த ஒருவர், சம்மதக் கடிதத்தின் மாதிரி, அங்குள்ள சங்கப் பொறுப்பாளர்களின் எண்கள் இருந்தாலே பாதிச் சுமை குறையும். இத்தா மரணம் நிகழ்ந்த நாளிலிருந்தே தொடங்குகிறது, மய்யித் வந்து சேரும் நாளிலிருந்து அல்ல என்பதையும் அந்தச் சகோதரியிடம் எடுத்துச் சொல்ல ஓர் ஆலிமா இருக்கட்டும்.

மவ்த் எந்த மண்ணில் என்று நம்மில் யாருக்கும் தெரியாது. நமக்குப் பின்னால் நிற்பவர்கள் தடுமாறாமல் இருக்க ஒரு தாள் எழுதி வைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அந்நிய மண்ணில் உறங்கும் நம் சகோதரர்களின் மண்ணறைகளை வல்ல அல்லாஹ் விசாலமாக்குவானாக. ஆமீன்.