இடத்துத் திரை வலத்துக்குப் போனால்?

வண்டியில் பூட்டும் காங்கேயம் காளைகளில் இடத்து மாடு, வலத்து மாடு என்று உண்டு. மாற்றிப் பூட்டினால் பழகிய ஜோடியும் தடுமாறும். கம்ப்யூட்டரில் இரண்டு மானிட்டர் வைத்து வேலை பார்ப்பவர்களுக்கும் இதே பாடுதான்.

அரிசி ஆலை, தேங்காய் எண்ணெய் ஆலை அலுவலகங்களில் ஒரு திரையில் பில், இன்னொன்றில் ஸ்டாக் கணக்கு என்று பார்ப்பது பெரிய வசதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. நன்றாக ஓடும் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் நல்ல வழி. அது நமக்குப் புதிதும் அல்ல. 2011-ல் தமிழக அரசு தரத் தொடங்கிய மாணவர் லேப்டாப்பிலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது.

ஆனால், மறுநாள் லாகின் செய்ததும் வலப்பக்கத் திரை இடப்பக்கம் போயிருந்தால் ‘பழசே தேவலை’ என்று தோன்றிவிடும். அவசரப்படாதீர்கள். நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, மாற்றிய விதம். டெர்மினலில் ‘எக்ஸ்ராண்டர்’ கட்டளை கொடுத்து மாற்றினால், லாக் அவுட் செய்ததும் அது போய்விடும். செட்டிங்ஸில் ‘டிஸ்ப்ளே’ பகுதிக்குப் போய்த் திரைகளை இழுத்து வைத்து, ‘அப்ளை’ கொடுங்கள். அடுத்து வரும் ‘கீப் சேஞ்சஸ்’ பட்டனை மறக்காமல் அழுத்துங்கள். விட்டால் சில விநாடிகளில் பழையபடி ஆகிவிடும்.

இரண்டாவது, கேபிள். உபுண்டு போன்றவற்றில் மானிட்டரின் பெயரோடு அது செருகப்பட்ட போர்ட்டும் சேர்த்தே பதிவாகும். துடைக்கும்போது கழற்றி வேறு போர்ட்டில் செருகினால், கம்ப்யூட்டருக்கு அது புது அமைப்பு. கேபிளிலும் போர்ட்டிலும் 1, 2 என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

மூன்றாவது, ஆன் செய்யும் வரிசை. முதலில் இரண்டு மானிட்டர்கள், பிறகு சிபியு. மானிட்டர் தாமதமாக விழித்தால், ஒரு திரைதான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்துவிடலாம்.

நான்காவது, யாருடைய லாகின் என்பது. இந்த அமைப்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. மூன்று பேர் மூன்று பெயரில் நுழைந்தால், மூவரும் ஒருமுறை செய்தாக வேண்டும். பாஸ்வேர்டு கேட்கும் திரையும் தனிக் கணக்கில் ஓடுவதுதான். அங்கே மட்டும் இடம் மாறித் தெரிந்தால் உங்கள் அமைப்பு அழியவில்லை என்று அர்த்தம்.

இத்தனைக்குப் பிறகும் அடம்பிடித்தால், உபுண்டுவில் உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து ‘கன்ட்ரோல் + ஹெச்’ அழுத்துங்கள். மறைந்திருக்கும் ‘கான்ஃபிக்’ ஃபோல்டரில் ‘மானிட்டர்ஸ்’ என்ற ஃபைல் இருக்கும். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, மறுபடி லாகின் செய்து புதிதாக அமையுங்கள்.

கடைசியாக ஒரு முறை லாக் அவுட், ஒரு முறை ஷட் டவுன் செய்து பாருங்கள். இரண்டிலும் திரை இடம் மாறாவிட்டால், பில் போடுகிறவரை நிம்மதியாக உட்கார வைக்கலாம்.