கைவிடப்படும் கணினி மொழிகள்: எதை நம்பிப் படிப்பது?

"இன்று படிக்கும் நிரல்மொழி நான் பட்டம் வாங்கும்போது இருக்குமா?" கணினித் துறையில் சேரும் மாணவர்கள் முதல் பருவத்திலேயே கேட்கும் கேள்வி இது. பயம் நியாயமானதுதான். தமிழுக்கும் மலாய்க்கும் முதலாளி கிடையாது. ஆனால் பல நிரல்மொழிகளுக்கு உண்டு. அந்த முதலாளி கைவிட்டால் அதில் உழைத்தவர்கள் என்ன செய்வது?

என் பெரியம்மா மகள் 2010-இல் எஸ்பிஎம் எழுதினார். ஈப்போவில் அவர் படித்த பள்ளியில் கணினி வகுப்பில் கற்றுக்கொடுத்தது விசுவல் பேசிக் 6. மைக்ரோசாஃப்ட் 1998-இல் வெளியிட்ட மொழி அது. திரையில் பொத்தான்களை இழுத்து வைத்துச் சில வரிகள் எழுதினால் மென்பொருள் தயார். கடைக் கணக்கு, கிளினிக் பதிவு என்று உலகெங்கும் ஏராளமான சிறு மென்பொருள்கள் அதில் எழுதப்பட்டன.

2002-இல் அந்த நிறுவனம் டாட்நெட் என்ற புதிய தளத்துக்கு மாறியது. விசுவல் பேசிக் என்ற பெயர் தொடர்ந்தாலும், பழைய நிரலை அப்படியே புதியதற்குக் கொண்டுபோக முடியவில்லை. 2005-இல் நிரலாளர்கள் பலர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். நிறுவனம் முடிவை மாற்றவில்லை. 2008 ஏப்ரலில் அந்தக் கருவிக்கான ஆதரவு முடிந்தது. அக்கா கற்கத் தொடங்கும் முன்பே அது கைவிடப்பட்ட கருவி.

ஆதரவு நின்ற மறுநாளே மென்பொருள் நின்றுவிடாது. விசுவல் பேசிக் 6-இல் எழுதியவை இன்றும் விண்டோஸில் ஓடுகின்றன. ஆனால் கருவியில் குறை இருந்தால் திருத்த ஆளில்லை. புதியவர்கள் அதைப் படிப்பதில்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போனால், கடைக்காரர் அந்தக் கணினியைத் தொடவே அஞ்சுகிறார்.

இப்போது இன்னொரு கதையைப் பாருங்கள். 2017 ஜூலையில் அடோபி நிறுவனம், 2020 இறுதியோடு ஃபிளாஷ் நிறுத்தப்படும் என்று அறிவித்தது. நம்மில் பலர் பள்ளியில் முதன்முதலில் பழகிய ஸ்கிராட்ச், அப்போது ஃபிளாஷை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் எம்ஐடியில் அதை உருவாக்கிய குழு, யாருக்கும் தனிச் சொத்தாக இல்லாத எச்டிஎம்எல்5 தரத்தில் அதைப் புதிதாக எழுதி 2019 ஜனவரியில் வெளியிட்டது. மாணவர்கள் செய்து வைத்திருந்த பழைய படைப்புகளையும் அதில் திறக்க முடிந்தது.

நான்காம் படிவக் கணினி அறிவியலில் ஜாவா எழுதியவர்களுக்கு நெட்பீன்ஸ் தெரிந்திருக்கும். 2016-இல் ஆரக்கிள் நிறுவனம் அதை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முன்வந்தது. மூல நிரல் எல்லாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடியதாக இருந்ததால், முதலாளி விலகிய பிறகும் புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன.

மூன்றிலும் நிறுவனம் விலகியது. விளைவு ஏன் வேறுபட்டது? பொருள் யார் கையில் இருந்தது என்பதே காரணம்.

பேராக்கில் பிறந்த நமக்கு இது புதிய பாடமல்ல. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் வெளிநாட்டு முதலாளிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள். பால்மரம் சீவியவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அப்போது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. வாங்கிய தோட்டங்களில் முதலாளி போனாலும் மரம் உழைத்தவர் கையில் நின்றது.

திறந்த மூலம் என்பதும் ஒரு வகையில் கூட்டுறவுதான். ஆனால் பெயரில் கூட்டுறவு இருந்தால் போதாது. சந்தா கட்ட ஆள் வேண்டும். பராமரிக்க யாரும் வராத திறந்த மூல மென்பொருளும் அநாதையாகிவிடும். இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் நாம், கண்ட பிழையைத் தெரிவிப்பது, விளக்கக் குறிப்பைத் திருத்துவது என்று நம்முடைய 10 வெள்ளியைக் கட்ட வேண்டும்.

நிறுவனங்களின் மொழிகளைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வேலைச் சந்தை கேட்பதைப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இறுதியாண்டுத் திட்டத்துக்கோ, தெரிந்தவர் கடைக்கோ மென்பொருள் எழுதும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். மூல நிரல் எனக்குக் கிடைக்குமா? தகவல்களை வேறு இடத்துக்கு எடுத்துச் செல்ல முடியுமா? நான் இல்லாதபோது இன்னொருவர் இதைத் தொடர முடியுமா? கல்லூரிகளும் ஒரு கருவியைப் பாடத்தில் சேர்க்கும்போது இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

அக்கா இன்று பினாங்கில் பைத்தான் எழுதுகிறார். விசுவல் பேசிக்கில் படித்தது வீணா என்று ஒருநாள் கேட்டேன். "பொத்தானை எங்கே வைப்பது என்பது மறந்துவிட்டது. ஒரு கணக்கைப் படிப்படியாகப் பிரித்து யோசிப்பது மறக்கவில்லை" என்றார். அந்தப் பாடத்துக்கு எந்த நிறுவனமும் ஆதரவை நிறுத்த முடியாது.