பைரவருக்கும் நடை சாத்துங்கள்



தேய்பிறை அஷ்டமி வந்தால் பைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம், விளக்கு போடுகிறோம். ஆனா அவர் வாகனம் நம்ம வீட்டு வாசல்ல படுத்திருக்கே, அதை எப்படி நடத்துறோம்? தப்பு பண்ணினவன் நான், அதனால சொல்றேன்.

கோயில் வாசலில் கிடந்த ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டு போனேன். தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் 'உட்காரு', 'இரு', 'வா'ன்னு பழக்குவேன். செய்யலைன்னா இன்னும் அரை மணி நேரம். அது கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பும், தரையை மோந்துகிட்டே நிற்கும். திமிருன்னு நினைச்சேன். ஒருநாள் அசந்து தூங்கினதை மகன் தட்டி எழுப்பி "கை குடு"ன்னான். அவன் கையைக் கவ்விடுச்சு. சோப்பு போட்டுக் கழுவி கிளினிக்குக்கு ஓடினோம். நல்லவேளை, பெரிய காயம் இல்லை. ஆனா வீட்டில், "இதை எங்கேயாவது விட்டுட்டு வாங்க"ன்னு ஒரே பேச்சு.

மாசிமகத்துக்கு செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் நாள் முழுக்க தொண்டு செய்துட்டு வந்தா, யாராவது கூப்பிட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நாய்க்கு மட்டும் வரக்கூடாதா?

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். குட்டிகள் ஒரு நாளைக்கு 18 மணி நேரம்கூட தூங்குமாம். டென்மார்க்கில் 18 பீகிள் நாய்களைப் பழக்கிப் பார்த்த ஆய்வு 2008-ல் வந்தது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் பழகியவை, ஐந்து நாள் பழகியவற்றைவிடக் குறைந்த பாடங்களில் கற்றுக்கொண்டன. நாள் கூடுதலாகப் பிடித்தது, உண்மைதான். 2017-ல் ஹங்கேரியில், தெரிந்த கட்டளைகளையே நாய்களுக்குப் புதிதாக ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். தூங்கி எழுந்த பிறகு இன்னும் நன்றாகச் செய்தன.

"சும்மா விட்டா மறந்துடும்"னு சிலர் சொல்வாங்க. தோட்டத்துப் பெரியவங்களைக் கேளுங்க. பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுவாங்க. ஆசைப்பட்டு ஓயாம சீவினா பட்டை காய்ந்து பால் நின்னு போகும். கோயிலிலும் மதியம் நடை சாத்துறோம், ராத்திரி பள்ளியறை பூஜை செய்றோம். சாமிக்கே ஓய்வு குடுக்கிற நமக்கு இது புரியாதா?

நாய் வளர்க்கிற அன்பர்களுக்கு என் வேண்டுகோள்:

மலாக்கா வெயிலில் மதியம் பழக்காதீங்க. காலையிலயோ பொழுது சாய்ந்தோ ஐந்து, பத்து நிமிஷம் போதும். கொட்டாவி விட்டா அன்னிக்குப் பாடம் முடிஞ்சது. தண்ணி வச்சு, நிழலில் படுக்க விடுங்க. தூங்குற நாயைத் தொடக்கூடாதுன்னு பிள்ளைகளுக்கு முதல்ல சொல்லிக் குடுங்க.

எங்க குட்டி இன்னும் எங்களோடதான் இருக்கு. இப்போ என் மகனே, "அப்பா, அது தூங்குது, மெதுவா பேசுங்க"ன்னு சொல்றான். அன்னிக்கு பழக வேண்டியவன் நான்தான்.

பைரவர் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும். ஓம் நமசிவாய.