எந்தக் குழாய் முதலில்?

கொல்கத்தாவின் பழைய நகர்ப்பகுதியில், காலனி ஆட்சி 19ஆம் நூற்றாண்டில் செங்கல்லால் கட்டிய பாதாளச் சாக்கடைகள் இன்றும் இயங்குகின்றன. மழைநீரும் கழிவுநீரும் அவற்றில் ஒன்றாகவே ஓடுகின்றன. இத்தகைய வலைப்பின்னல் முழுவதையும் ஒரே மூச்சில் புதுப்பிக்கும் நிதி எந்த மாநகராட்சியிடமும் இல்லை. எதை முதலில் சீரமைப்பது என்று தீர்மானித்தே ஆக வேண்டும். அதைப் பொறியாளர்களின் விவகாரம் என்று விட்டுவிடுவது வழக்கம். ஆனால் அது அரசியல் முடிவும்கூட.

குழாய் உடையும் வாய்ப்பு எவ்வளவு, உடைந்தால் இழப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டு, இரண்டையும் பெருக்கி வரிசைப்படுத்துவது பொறியியல் முறை. இதன் இரண்டாம் பாதியில்தான் வர்க்கம் நுழைகிறது. பிரதான சாலை உள்வாங்கினால் போக்குவரத்து நிற்கும், வணிகத்துக்கு நட்டம். அதை ரூபாயில் எழுதிவிடலாம். குடிசைப் பகுதியின் சந்தில் கழிவுநீர் குடிநீரில் கலந்தாலோ, பறிபோகும் தினக்கூலியும் மருத்துவச் செலவும் அந்தக் குடும்பங்களின் தலையில் விழுகின்றன. மாநகராட்சியின் ஏட்டில் ஏறுவதில்லை.

ஏட்டில் ஏறாத இழப்பு இன்னொன்றும் உண்டு. தேங்கிய கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, குழாயின் மேற்சுவரில் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறி, கான்கிரீட்டையும் சாந்தையும் அரிக்கிறது. குழியில் இறங்கும் தொழிலாளியைக் கொல்வதும் இதே வாயுதான். குழாய் விரைந்து சிதையும் இடத்துக்கே, அடைப்பு நீக்க அவர் திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறார். பெரும்பாலும் அவர் தலித், ஒப்பந்தத் தொழிலாளி.

2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்துள்ளது. கொல்கத்தா உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்துமாறு 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நான்கே நாட்களில், பிப்ரவரி 2 அன்று, கொல்கத்தாவின் கிழக்கே பான்தலா தோல் தொழில் வளாகத்தில் ஆள்நுழைவுக் குழிக்குள் மூன்று தொழிலாளர்கள் மடிந்தனர். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எல்லாவற்றையும் ரூபாயில்தான் எழுதுவோம் என்பவர்கள் அந்தத் தொகையையாவது கணக்கில் எழுதலாமே!

எழுதாததற்குக் காரணம் உண்டு. குழாயை மாற்றுவது மூலதனச் செலவு; அதற்குக் கடனும் ஒப்பந்தப்புள்ளியும் தேவை. அடைப்பு நீக்குவதோ அன்றாடப் பராமரிப்பு, ஒப்பந்ததாரரிடம் தள்ளிவிடலாம். உயிருக்கு விலை வைக்காதவரை, ஆளை அனுப்புவதே மலிவு.

குழியில் இறக்குவது சட்டவிரோதம் என்பதால், எந்தக் குழியில் எத்தனை முறை ஆள் இறங்கினார் என்பதை எந்த ஒப்பந்ததாரரும் எழுதிவைக்கப் போவதில்லை. ஆனால் வார்டு அலுவலகங்களுக்கு அடைப்புப் புகார்கள் வருகின்றன. எந்தக் குழி ஆபத்தானது என்பதைத் தொழிலாளர்கள் அறிவார்கள். முன்னுரிமைப் பட்டியலை அங்கிருந்து தயாரித்து, மாநகராட்சி மன்றத்தில் பகிரங்கமாக விவாதிக்க வேண்டும்; தொழிலாளர் சங்கங்களையும் அழைத்து.