பச்சைத் தண்ணீர்

சென்ற பங்குனியில் கரியாஹாட்டில் உள்ள நம் வீட்டு மீன் தொட்டி, ஒரே வாரத்தில் கீரைச் சாறு போல மாறிவிட்டது. உள்ளே நான்கு தங்கமீன்கள். எட்டு வயதான நம் பெண் கண்ணாடியில் மூக்கை வைத்து அவற்றை எண்ண முயன்று தோற்றுப் போவாள்.

அழுக்கு என்றே எண்ணினோம். ஞாயிறன்று நீர் முழுவதையும் இறைத்துவிட்டுக் கூழாங்கற்களை வெந்நீரில் கழுவிக் குழாய் நீரை நிரப்பினோம். நீர் பளிங்கு போல் தெளிந்தது. செவ்வாய் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியபோது இரண்டு மீன்கள் இறந்து மிதந்தன. பெண் நம்மோடு பேசவில்லை. அடுத்த வாரமே நீர் மீண்டும் பச்சையாயிற்று!

கரியாஹாட் சந்தை மீன்காரரிடம் இதைக் கூறினோம். (நாம் சைவர், அப்பக்கம் சென்றது இதற்காகவே.) அவர் சிரித்து, "தாதா, பேரிக்காரர்கள் வேண்டி வளர்ப்பதே இந்தப் பச்சைத் தண்ணீரைத்தானே!" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஈஸ்டர்ன் பைபாஸுக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் சதுப்பு நிலத்தில் பேரி என்னும் ஆழமற்ற மீன் பண்ணைகள் உள்ளன. மாநகரின் கழிவுநீர் அங்கே வெயிலில் தேங்குகிறது. அதிலுள்ள சத்தை உண்டு கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி கோடி கோடியாய்ப் பெருகுகிறது, அது பகலில் பிராணவாயுவை வெளியிட்டு நீரைத் திருத்துகிறது, மீனுக்கும் இரையாகிறது. துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர் 1980களில் இதை ஆராய்ந்து உலகறியச் செய்தார். 2002இல் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

நம் தொட்டியைப் பச்சையாக்கியதும் இத்தகைய நுண்பாசியே. கிழக்குச் சன்னல் வெயிலும் குழந்தை அள்ளிப்போட்ட தீனியும் அதை வளர்த்தன. பேரியில் அகன்ற நீர்ப்பரப்பும் காற்றும் உண்டு. இரண்டடித் தொட்டியில் அவை ஏது? இரவில் பாசியும் பிராணவாயுவை உட்கொள்வதால், விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கக்கூடும். ஆயினும் நம் மீன்களைக் கொன்றது பாசியன்று, நம் சுத்தமே. மீன் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை மாற்றிவிடும் நல்ல நுண்ணுயிர்கள் கூழாங்கற்களில் வாழ்வன. அவற்றை வெந்நீரில் அழித்தோம். குளோரின் கலந்த நீரை அப்படியே ஊற்றினோம். பாசியோ இடுக்குகளில் சிறிது தங்கி, மறுபடி பெருகிற்று.

பிறகு செய்தது எளியது. தொட்டியைக் கறுப்புத் துணியால் நான்கு நாள் முழுதும் மூடி வைத்தோம். விளக்கில்லை, தீனியில்லை, காற்றுப் பம்பு மட்டும் இரவும் பகலும் ஓடிற்று. தங்கமீன் அவ்வளவு நாள் பட்டினியைத் தாங்கும்; பெண்ணைச் சமாதானம் செய்வதுதான் பெரும்பாடு. துணியை நீக்கியபின், இறந்த பாசி அழுகி நீரைக் கெடுக்காதபடி கால்பங்கு நீரை மட்டும் மாற்றினோம். அதுவும் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த நீர். தொட்டியைச் சன்னலிலிருந்து நகர்த்தினோம். தீனி இப்போது ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே.

பால் கலந்தாற்போல் வெண்மையாகக் கலங்கும் நீருக்கு இம்முறை பொருந்தாது; அதன் காரணம் வேறு. அதை அடுத்த திங்கள் எழுதுவோம்.