ஆளில்லாத வீட்டில் அடித்த காற்று



பெரிய புயல்களுக்குப் பெயர் உண்டு. 2008 கார்த்திகையில் நிஷா வந்தபோது வன்னிச் சனம் இடம்பெயர்ந்து தருமபுரம், விசுவமடுப் பக்கமெல்லாம் தறப்பாளுக்குக் கீழே இருந்ததை உங்களிற் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். பிறகு 2020 மார்கழியில் புரெவி, 2025 கார்த்திகையில் டித்வா. பெயருள்ள புயல் என்றால் வானொலி முன்னதாகவே சொல்லும், பள்ளிக்கூடம் பூட்டும், ஓய்ந்த பிறகு வெளியூர் வாகனங்களும் சாமான்களோடு வரும்.

பெயரில்லாத காற்று ஒன்றும் இருக்கிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் காலை முழுக்க வெயில் கொளுத்தி, பின்னேரம் கருமுகில் திரண்டு, இடிமழையோடு அரை மணித்தியாலம் சுழற்றி அடித்துவிட்டுப் போய்விடும். முகிலுக்குள் குளிர்ந்த காற்று மழையோடு ஒரேயடியாகக் கீழே இறங்கி நிலத்தில் பரவுவதால் இது நடக்கிறது. பத்திரிகைகள் 'மினி சூறாவளி' என்று நாலு வரி எழுதும். இடிமழை நேரத்தில் தற்காலிகமாகப் பலத்த காற்று வீசலாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் பொதுவாக எச்சரிக்கும். ஆனால் எந்தக் கிராமத்தில், எத்தனை மணிக்கு என்று முதல் நாளே சொல்லிவிட முடியாது.

கடந்த சித்திரையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரம் நான் வாடகைக்கு இருக்கும் கிராமத்தில் அப்படியொரு காற்று அடித்தது. நான் வெள்ளி இரவே ஓர் ஆட்டைத் திவசத்துக்காகச் சாவகச்சேரிக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு துளி மழை இல்லை. ஞாயிறு பின்னேரம் பரந்தனில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோதுதான் வீதியோரத்தில் வெள்ளம் நிற்பதைக் கண்டேன். ஒழுங்கைக்குள் திரும்பினால் பாதை முழுக்க வேப்பங்கொப்புகள். என் குசினிக் கூரையில் இரண்டு தகரங்கள் இல்லை. அரிசி வாளிக்குள் தண்ணீர். எனக்கு ஏற்பட்ட சேதம் அவ்வளவுதான், வீட்டுக்காரர் மறுநாளே ஆள் பிடித்துச் சரிசெய்தார். அதைப் பற்றி எழுத அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நான் எழுத வந்தது நாலு வீடு தள்ளியிருக்கும் அக்காவைப் பற்றி. பெயர் போடாமல் எழுதச் சம்மதித்தார். அவரது கணவர் 2009 வைகாசியிலிருந்து காணாமல் ஆக்கப்பட்டவர். ஒரே மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். மகளை விடுதியில் சேர்த்து, சாமான் வாங்கிக் கொடுக்க அதே வெள்ளிக்கிழமைதான் அவரும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். பதினைந்து வருடத்துக்கு மேலாக ஓர் இரவுகூட வெளியில் தங்காத மனுசி.

அவருடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. 550,000 ரூபாயைக் கட்டங்கட்டமாக வாங்கி, மேசனுக்குக் கல்லும் சீமெந்தும் எடுத்துக் கொடுத்து, தானே நின்று கட்டுவித்தவர். பின்னால் குசினிக்கு மட்டும் மீள்குடியேறிய காலத்துத் தகரம். காற்று அந்தக் குசினியைத்தான் முதலில் பிடித்தது. திறந்த பக்கத்தால் உள்ளே புகுந்த காற்று தகரத்தைக் கீழிருந்து தூக்கும். வெறும் ஆணி அடித்த தகரம் அதற்குத் தாக்குப்பிடிக்காது, சிலாகையோடு சேர்த்துக் கொளுக்கி ஆணியோ கம்பியோ போட்டுக் கட்டியிருந்தால்தான் நிற்கும். பறந்த தகரங்கள் ஓட்டை உடைத்தன, வேப்பங்கொப்பு ஒன்று மிச்ச ஓட்டை உடைத்தது. நடு அறைக்குள் வானம் தெரிந்தது.

ஞாயிறு இரவு அவர் வந்து இறங்கியபோது நானும் கூடப் போனேன். அழவில்லை. டோர்ச் அடித்து மேலே பார்த்துவிட்டு, "2010இல வந்து பாக்கேக்க சுவரும் இல்லைத் தங்கச்சி. இப்ப சுவர் நிக்குது" என்றார். அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸைத் திறந்த பிறகுதான் நிலத்தில் இருந்துவிட்டார். செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, பரணகம ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, கலியாணப் படங்கள் எல்லாம் ஊறி ஒட்டியிருந்தன.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். நனைந்த காகிதத்தைத் தேய்க்கவோ அயன் பண்ணவோ கூடாது, உச்சி வெயிலில் போடவும் கூடாது. நிழலில் பத்திரிகைத் தாளை விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பி, அடித்தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட படங்களை இழுத்துப் பிரித்தால் முகம் போய்விடும். சுத்தமான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுத் தானாக விடவைத்து, படம் மேலே பார்க்கக் காயவிட வேண்டும். அன்றிரவு பத்து மணிவரை என் மண்டபத்து நிலமெல்லாம் அவருடைய கடிதங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைப் பிரதேச செயலகத்தில் மறுபடி எடுக்கலாம். அந்தப் படங்களை எங்கே எடுப்பது? ஏழு படங்களில் ஐந்து தப்பின.

மறுநாள் காலையில்தான் மற்றச் சங்கதி தெரிந்தது. ஞாயிறு காலையே சேதம் பதியும் ஆட்கள் ஒழுங்கைக்கு வந்து போயிருக்கிறார்கள். அக்காவின் படலை பூட்டியிருந்தது. 'ஆளில்லை' என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அயலில் சிலர், "வீட்டைப் பூட்டிப்போட்டு ஊர் சுத்தப் போனா இப்பிடித்தான்" என்றும் கதைத்திருக்கிறார்கள். அவர் வீட்டில் நின்றிருந்தால் காற்று திரும்பிப் போயிருக்குமா? நின்றிருந்தால் அந்த ஓடுகள் அவர் தலையில் விழுந்திருக்கும். அதே சனிக்கிழமை கிளிநொச்சிச் சந்தைக்குப் போயிருந்த ஆண்களிடம் யாரும் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை.

அக்காவுக்குப் போய்க் கேட்க விருப்பமில்லை. "என்ன கேப்பினம் எண்டு தெரியும்" என்றார். ஒரு பகல் முழுக்கப் பேசினோம். பிறகு கொப்பிலும் தகரத்திலும் கை வைக்கும் முன்னரே கைபேசியில் எல்லாப் பக்கமும் படம் எடுத்தோம். கிராம அலுவலருக்குத் திகதியிட்டுக் கடிதம் எழுதினோம்: என்ன நாள், என்ன நேரம், எத்தனை தகரம், ஓடு எவ்வளவு பரப்பில் உடைந்தது, காற்று அடித்ததை நேரில் கண்ட இரண்டு அயலவரின் ஒப்பம். கடிதத்தின் பிரதியில் கிடைத்ததாக ஒப்பம் வாங்கி அவரே வைத்துக்கொண்டார். இந்தப் பதிவு கிராம அலுவலரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் போகும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். வீட்டில் ஆள் நின்றதா இல்லையா என்பதல்ல, வீடு சேதப்பட்டதா என்பதே பதியப்பட வேண்டியது.

அலுவலர் செவ்வாய்க்கிழமை வந்தார். எதிர்பார்த்த கேள்வியைத்தான் முதலில் கேட்டார்: "அண்டைக்கு எங்க போனனீங்கள்?"

"மகளைக் கம்பசில விடப் போனனான்."

அதற்குப் பிறகு அவர் மரியாதையாகவே எழுதினார். மகள் என்ன படிக்கிறாள் என்றுகூட விசாரித்தார். மகளின் படிப்பு இல்லாமல், சகோதரி வீட்டுக்குச் சும்மா போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருந்தால் அந்தப் பேனா அவ்வளவு சுறுக்காக ஓடியிருக்குமா என்ற யோசனை எனக்கு இப்போதும் உண்டு.

படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற இடம் வந்தபோது அக்காவின் கை நின்றுவிட்டது. "அவற்ற பேரை எடுத்துப்போட்டு நான் எப்பிடி என்ர பேரை எழுதுறது? அவர் இல்லையெண்டு நானே ஒப்பம் வைக்கிற மாதிரி." சமூகவியல் படித்த காலத்தில் பெண் தலைமைத்துவக் குடும்பம் என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த ஒரு கோட்டின்மேல் பேனா அப்படி நிற்கும் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழமை. அப்படியிருந்தும் 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே கட்டிய வீடுகள் பலவற்றை 'குடும்பத் தலைவர்' என்று சொல்லி ஆண்கள் பெயரில் எழுதினார்கள். அங்கே பெண்ணின் பெயரை எழுதாமல் விட்டார்கள், இங்கே எழுதச் சொன்னால் மனம் வெட்டுப்படுகிறது.

அக்காவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சேதப் படிவத்தில் உங்கள் பெயரை எழுதுவது, இன்றைக்கு அந்த வீட்டை நடத்துகிறவர் நீங்கள் என்பதைச் சொல்வது மட்டுமே. அதனால் கணவரின் மரணம் பதியப்படுவதில்லை, காணி அனுமதிப்பத்திரத்தில் அவர் பெயர் அழிவதும் இல்லை, நீங்கள் கொடுத்த முறைப்பாடு எதுவும் முடிந்துபோவதும் இல்லை. மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று நிற்பவர்களுக்காக 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற ஒன்றும் வந்தது. அதை எடுப்பதா விடுவதா என்பது உங்கள் தீர்மானம், அதைப் பற்றி இன்னொரு மாதம் எழுதுகிறேன். அக்கா கடைசியில் தன் பெயரை எழுதினார். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், தன் கையால், 'கணவர் வரும்வரை' என்று சேர்த்தார். அலுவலர் பார்த்தார், வெட்டவில்லை.

துப்புரவாக்கும்போது ஒன்று கவனியுங்கள். சாய்ந்த மரத்தின் வேர்க்குழியில் கிளறுப்பட்ட மண்ணைப் பிள்ளைகள் கிண்ட விடாதீர்கள். எங்கள் மண்ணில் பழைய வெடிபொருட்கள் இன்னும் மேலே வரக்கூடும். கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். அறுந்த மின்கம்பிக்குக் கிட்டவும் போகவேண்டாம். குவிந்து கிடக்கும் தகரத்துக்குக் கீழே பாம்பு இருக்கும், தடியால் தட்டிவிட்டுத் தூக்குங்கள்.

அக்காவுக்கு ஓட்டுக்கான உதவி இரண்டு மாதம் கழித்து, கேட்டதில் பாதியளவுதான் கிடைத்தது. மிச்சத்துக்கு மாதர் சங்கத்தில் கடன் எடுத்திருக்கிறார். குசினித் தகரத்துக்குக் கொளுக்கி ஆணி போட்டாயிற்று. கடிதங்களை மூடி இறுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, அதன் ஒரு தொகுதிப் பிரதியை மகள் விடுதிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். தகரங்களில் மூன்று ஒழுங்கை முடிவிலுள்ள வாழைத் தோட்டத்தில் கிடந்தன. ஒன்று இன்னும் அகப்படவில்லை.