கறக்க ஆளில்லாத ஊரில் ரோபோ

செல்போனைத் திறந்தா வெளிநாட்டுப் பண்ணை வீடியோ ஒண்ணு கண்டிப்பா வருது. மாடு தானா நடந்து வந்து ஒரு பெட்டிக்குள்ள நிக்குது. இரும்புக் கை ஒன்று மடிக்குக் கீழே நுழைந்து காம்பைக் கழுவி, கறந்து, மருந்து தெளித்து அனுப்பிவிடுகிறது. பக்கத்தில் ஆள் கிடையாது. காங்கயம், பல்லடம், அவிநாசிப் பக்கம் இதைப் பார்க்கிறவர்கள் "இது நம்ம ஊருக்கு வந்தாத் தேவலைங்க" என்கிறார்கள்.

அந்த ஏக்கத்தைக் கிண்டல் பண்ண எனக்கு மனசில்லை. பனியன் கம்பெனியில் காலை 8.30க்கு ஷிப்ட். அதற்கு வெகு முன்பே ஊருக்குள் வேன் வந்து நிற்கும். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வீடு திரும்ப ராத்திரி 9 ஆகிவிடும். சனிக்கிழமை சம்பளம் கையில். இப்படியொரு வேலை பக்கத்தில் இருக்கும்போது, விடியக்காலம் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று நாளையே இரண்டாகக் கிழிக்கும் கறவை வேலைக்கு யார் வருவார்? அதனால் கறவை வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. 5 மணிக்குக் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வேனைப் பிடிக்கிறார் மருமகள். சாயங்காலக் கறவை மாமியாருக்கு. அவருக்கு முழங்கால் விட்டுப்போன மாதம் மாடு சந்தைக்குப் போகிறது. மாடு போனால் சாணியும் கோமியமும் போச்சு. ஜீவாமிர்தத் தொட்டி காய்ந்து, யூரியா மூட்டை திரும்ப வந்துவிடும். அதனால்தான் கறக்க ஆளில்லை என்பதை இயற்கை விவசாயத்தின் பிரச்சினையாக நான் பார்க்கிறேன்.

சரி, ரோபோ இதைத் தீர்க்குமா? நெதர்லாந்தில் லெலி கம்பெனி 1992ல் முதல் கறவை ரோபோவை ஒரு பண்ணையில் வைத்தது. ஒரு பெட்டி சுமார் 60 மாட்டைப் பார்த்துக்கொள்ளும். விலை நம்ம பணத்தில் கோடி ரூபாயைத் தொடும். ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்ந்தது. அந்த 38 ரூபாய்க் கணக்கில், தினம் 50 லிட்டர் ஊற்றுகிற ஐந்து மாட்டுக்காரர், தவிடு புண்ணாக்குக்கு ஒரு பைசா செலவழிக்காமல் பால் பணம் முழுவதையும் கொடுத்தால்கூட ஒரு கோடி சேர 14 வருசம் ஆகும்.

விலை குறைந்தாலும் இடிக்கிற விசயங்கள் உண்டு. அந்த மிஷினின் பெருமையே மாடு தனக்கு வேண்டிய நேரத்தில் வந்து கறந்துகொள்ளலாம் என்பது. ராத்திரி 2 மணிக்கும் வரும். நம்ம சொசைட்டியோ காலையும் மாலையும் குறித்த நேரத்தில்தான் பால் எடுக்கும். வீட்டில் குளிரூட்டும் தொட்டி இல்லாதவர் 2 மணிப் பாலை எங்கே வைப்பார்? அப்புறம், மாட்டைப் பெட்டிக்கு இழுப்பது அங்கே கொட்டும் கம்பெனித் தீவனம். மேய்ச்சலில் வயிறு நிறைந்த மாடு அவ்வளவு சுலபமா வராது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்தில் மேய்ச்சல் நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போகும் வழியில் ரோபோவை வைத்துச் சமாளித்தார்கள். கிளுவை வேலி போட்டு, வெள்வேலும் கொழுக்கட்டைப் புல்லும் வளர்த்து, பட்டி மாற்றி மேய்க்கும் நம்ம கொறங்காட்டுக்காரருக்கு அதில் புதுசாகக் கற்க ஒன்றுமில்லை!

எனக்குப் பெரிய கவலை மாட்டைப் பற்றியது. ரோபோவின் கண் காம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். காம்பு நெருங்கியோ கோணலாகவோ இருந்தால் திணறும். அதனால் அந்த ஊர்களில் மிஷினுக்குத் தோதான மடியாகப் பார்த்து இனம் சேர்க்கிறார்கள். அந்தக் கணக்கில் நம்ம காங்கயம் மாடு முதலிலேயே கழிந்துபோகும். கன்று வாய் வைக்காமல் அது பால் விடாது. விடுவதும் இரண்டு, மூன்று லிட்டர்தான். உழவுக்கும் வண்டிக்கும் எருவுக்கும் வந்த இனத்தைப் பால் மிஷினால் அளப்பதே தப்பு. காங்கயம் வைத்திருப்பவர் கன்றை விட்டு, கையால் கறக்கட்டும். பத்து நிமிச வேலை.

ஆனால் நான்கைந்து கலப்பின மாடு வைத்திருப்பவரிடம் "இயற்கை விவசாயி மிஷின் தொடக்கூடாது" என்று சொல்வது அந்த மாமியாரின் முழங்காலில் அடிப்பதற்குச் சமம். வாளி வகைக் கறவை மிஷின் போதும். மிஷின் மடியைக் கெடுக்கிறது என்ற புகாரில் முக்கால்வாசி, வைத்துக்கொள்ளும் விதத்தால் வருவது.

துடைத்ததும் முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விடுங்க. திரியோ நீரோ தெரிந்தால் அந்த மாட்டுக்கு மிஷின் போடாதீங்க. ரோபோ பாலின் மின்கடத்தலை அளந்து சொல்வதை நம்ம கண்ணே சொல்லிவிடும். மடியைத் தொட்டதிலிருந்து ஒரு நிமிசத்தில் சுரப்பு இறங்கும். அப்போது மாட்டினால் ஐந்து முதல் ஏழு நிமிசத்தில் முடிந்துவிடும். பால் நின்ற பிறகும் மிஷின் ஓடினால் காம்பு நுனி புண்ணாகும். ரோபோ ஒவ்வொரு காம்பாகக் கழற்றும். நம்ம மிஷின் நான்கையும் ஒன்றாகத்தான் விடும். அதனால் பக்கத்தில் நிற்க வேண்டும். கறந்ததும் அயோடின் கரைசலில் காம்பை நனைத்து, தட்டு போடுங்க. தின்றுகொண்டே அரை மணி நேரம் நின்றால், காம்புத் துவாரம் மூடிய பிறகுதான் மாடு படுக்கும்.

துடைக்கிற துணிக்கு நமக்குப் பஞ்சமில்லை. சாயம் ஏறாத வெள்ளை பனியன் வேஸ்டை வாங்கி, மாட்டுக்கு ஒன்றாக வைத்து, சுடுதண்ணியில் அலசுங்க. ஒரே துணியால் ஐந்து மாட்டைத் துடைத்தால் மடிநோயை நாமே பரிமாறினது மாதிரி. மடிநோய் தொடங்கினால், தஞ்சை மரபுசார் கால்நடை மருத்துவ மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை இருக்கிறது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, மடியைக் கழுவிவிட்டு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். காய்ச்சல் இருந்தால் டாக்டரைக் கூப்பிடத் தயங்காதீங்க.

ரப்பர் லைனர் சுமார் 2,500 கறவைக்குத்தான் தாங்கும். ஒரே செட்டில் ஐந்து மாடு, இரண்டு வேளை என்றால் எட்டு மாதம். வெடிப்பு கண்ணுக்குத் தெரியும்வரை யாரும் மாற்றுவதில்லை. வாங்குவதற்கும் டவுனுக்கு அலைய வேண்டியிருக்கு. நம்ம இயக்கம் பேச வேண்டியது இந்த இடத்தில்தான். சொசைட்டியிலேயே லைனரும், பல்சேட்டர் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைக்கட்டும். வேனுக்குப் போகிறவர்களுக்காகக் காலைக் கொள்முதல் அரை மணி முன்னாடி தொடங்கட்டும். ஊருக்கு இரண்டு இளைஞருக்கு மிஷினும் பைக்கும் கொடுத்து, வீடு வீடாகப் போய்க் கறந்து கொடுக்க மாதச் சம்பளம் போடட்டும். கம்பெனிக் கூலிக்குக் குறையாத சம்பளம். அடுத்த சொசைட்டிக் கூட்டத்தில் இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்து, மினிட்டில் ஏற்றச் சொல்லுங்க.